தலக்குளத்துத் தளவாயும் கர்னல் மெக்காலேயும்: இந்தக் கடிதங்களை எப்படிப் படிப்பது?

#1 இரணியல் வாசகன்
வெள்ளி, இரவு 9.12

என் பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் பார்வத்தியக்காரராக (ஊர் வரி அதிகாரி) இருந்தவர். சென்ற வாரம் ஓடு மாற்ற ஆள் வந்தபோது மச்சில் கிடந்த அவருடைய தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம். கரந்தீர்வை ரசீதுகள், கரையான் பாதி தின்ற பஞ்சாங்கங்கள், இவற்றுக்கு அடியில் நீளமான ஒரு கணக்கு நோட்டு. திறந்து பார்த்தால் கணக்கு இல்லை, கடிதங்கள்!

திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், வேலுத்தம்பிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை, அச்சில் அங்கங்கே படித்ததை வைத்து, வருட வாரியாகக் குறிப்பெடுத்திருக்கிறார். ஊதா மை. ஒவ்வொரு தாளிலும் நடுவில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கத் தலைப்பு ‘கர்னல்’, வலப்பக்கத் தலைப்பு ‘தம்பி’. வரவு செலவு எழுதிப் பழகிய கை அல்லவா! இடப்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதியும் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறார். வலப்பக்கம் பல தாள்களில் வெறுமையாகவே கிடக்கிறது.

என் கேள்வி இதுதான். 1799இல் அப்போதைய அமைச்சர் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் வரிக்கொடுமைக்கு எதிராக இரணியல், கல்குளம் பக்கத்து மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றவர் வேலுத்தம்பி. பிறகு அவரே தளவாய் ஆனார். 1804இல் நாயர் படையினரின் படியைக் குறைக்கப் போய், படையே அவருக்கு எதிராகத் திரும்பியது. அப்போது உயிருக்குத் தப்பி அவர் ஓடியது கொச்சிக்கு, இதே மெக்காலேயிடம். 1808 டிசம்பரில் அதே மெக்காலேயைக் கொல்ல ஆள் அனுப்புகிறார். நாலே வருடம். இந்த நாலு வருடத்தில் கடிதங்களில் அப்படி என்னதான் நடந்தது? நம்பிக்கைத் துரோகமா? யார் யாருக்குச் செய்தது?

#2 தோவாளைப் பூக்காரி
வெள்ளி, இரவு 9.40

நம் பிள்ளைகளை இங்கிலீஷ் படிக்க வைத்த மெக்காலேயா இவர்? அவர் கர்னலாகவும் இருந்தாரா?

#3 புலியூர்க்குறிச்சி
வெள்ளி, இரவு 10.05

இல்லை அக்கா. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். கல்விக் குறிப்பு எழுதியவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே, 1800இல் பிறந்தவர். நம் கர்னல் அவருடைய பெரியப்பா, காலின் மெக்காலே. மருமகன் தொட்டிலில் கிடந்த அதே 1800இல் பெரியப்பா திருவிதாங்கூருக்கு முதல் ரெசிடெண்டாக வந்துவிட்டார். 1810 வரை இருந்தார். கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. இளவயதில் மைசூர்க்காரர்களிடம் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறை இருந்தவர். கொல்லத்திலும், கொச்சியில் டச்சுக்காரர்கள் 1744இல் கட்டிய போல்காட்டி மாளிகையிலும் மாறி மாறித் தங்கினார்.

மேலே ‘மருமகன்’ என்று எழுதிவிட்டேன். தம்பி மகன் என்பதுதான் சரி. நம் ஊர் முறைப்படி மகன்தான்.

#4 வடசேரி வக்கீல்
சனி, காலை 6.50

இரணியல் அண்ணாச்சி, கடிதத்துக்குள் போகும் முன் 1805 ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கடிதங்களைப் படிப்பது கடன் பத்திரத்தைப் பார்க்காமல் வக்கீல் நோட்டீஸை மட்டும் படிப்பது போல.

1795 ஒப்பந்தப்படியே திருவிதாங்கூர் கம்பெனிப் பட்டாளத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. 1804 கலகம் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு வாய்ப்பாகிவிட்டது. உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டிப் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். 1805 ஜனவரியில் கையெழுத்து. இன்னும் ஒரு ரெஜிமெண்டின் செலவு தலையில் ஏறியது. மொத்தம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அதோடு நின்றிருந்தால் வெறும் பணப் பிரச்சினை. அதில் வேறு மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. பணம் வராது என்று கவர்னர் ஜெனரலுக்குத் தோன்றினால் நாட்டின் நிர்வாகத்திலேயே கை வைக்கலாம். கம்பெனி சொல்லும் ஆலோசனையை மகாராஜா எப்போதும் கேட்டு நடக்க வேண்டும். கம்பெனிக்குத் தெரியாமல் வேறு எந்த அரசோடும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசி முடிச்சைக் கவனியுங்கள். கடிதம் எழுதுவதே குற்றம் ஆகக்கூடிய ஒப்பந்தம் இது. கம்பெனி இதைச் சும்மா எழுதி வைக்கவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் அரண்மனையில் ஆற்காட்டு நவாபுகளின் கடிதங்கள் கிடைத்தன என்று சொல்லி, அந்தக் கடிதங்களைக் காட்டித்தான் 1801இல் அந்த நவாபின் நாடான கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். நெல்லை அவர்கள் கைக்குப் போனது அப்படித்தான். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தளவாய்க்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒப்பந்தத்தில் தளவாயின் ஒத்துழைப்பு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். பிற்பாடு அதை நினைத்து வருந்தினார் என்பது வேறு.

#5 தோவாளைப் பூக்காரி
சனி, காலை 11.30

சந்தை முடிந்து இப்போதுதான் வந்தேன். வக்கீல் சார் சொன்னதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீங்கள் துரோகம், நட்பு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இது பூக்கடையில் தினமும் நடக்கும் கதை.

அடைமழையில் பிச்சி அரும்பு அழுகி, கிலோவுக்கு ஒன்றும் கிடைக்காத வாரம் ஒருவர் வருவார். “அக்கா கஷ்டப்படாதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்” என்று பணம் தருவார். எவ்வளவு நல்ல மனிதர் என்று தோன்றும். ஆவணி முகூர்த்தத்தில் விலை ஏறும்போது அவரே கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எந்தப் பூவை யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்வார். கடை என் பெயரில்தான் இருக்கும். அவர் கெட்டவர் ஆகிவிட்டார் என்று அப்போது அழுவேன். அவர் மாறவே இல்லை. முதல் நாள் பணம் எடுத்து நீட்டியபோதே நாற்காலி எங்கே போடலாம் என்று பார்த்து வைத்தவர்தான்.

1804இல் தம்பி கொச்சிக்கு ஓடியபோது கர்னல் நாற்காலிக்கு இடம் பார்த்துவிட்டார்.

#6 புலியூர்க்குறிச்சி
சனி, காலை 11.52

அக்கா ஒரே பதிவில் இழையை முடித்துவிட்டார். நாமெல்லாம் கடையைச் சாத்தலாம்.

#7 ஆரல்காற்று
சனி, பிற்பகல் 3.15

சாத்த வேண்டாம் தம்பி, எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

நான் 22 வருடம் இராணுவத்தில் இருந்தேன். துப்பாக்கி பிடித்த நாளைவிடத் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்த நாள் அதிகம். அதிகாரிகளுக்குக் கடிதம் தயாரிப்பதுதான் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு தடவை, பக்கத்து யூனிட்டில் இருந்து வர வேண்டிய கூடாரத் துணிக்காக நினைவூட்டல் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. ஆறு கிலோமீட்டர்தான் தூரம். “சார், ஜீப்பில் போய் நேரில் கேட்டால் அரை மணியில் முடியுமே” என்றேன். மேஜர் சிரித்தார். “கூடாரத் துணிக்காகவா இதை எழுதுகிறோம்? அடியில் நகல் யாருக்கு என்று போட்டிருக்கிறாய், படி” என்றார். நகல் பிரிகேட் தலைமையகத்துக்கு.

கடிதத்தின் மேலே இருக்கும் பெயர் ஒன்று. உண்மையில் படிக்க வேண்டியவர் அடியில் இருப்பவர். மெக்காலே தளவாய்க்கு எழுதியவற்றையும் இப்படித்தான் படிக்கிறேன். பாக்கி எவ்வளவு, எப்போது கட்டுவீர்கள், கேட்ட கெடு முடிந்துவிட்டதே என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தளவாய் மட்டும் படிக்கவில்லை. அது மதராஸ் கவர்னரிடம் போகும். 1807 கடைசியில் இருந்து அங்கே சர் ஜார்ஜ் பார்லோ. அதற்கும் மேலே கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு. நாளைக்கு ஒரு பட்டாளத்தை இறக்க வேண்டி வந்தால், “இத்தனை தடவை பொறுமையாகக் கேட்டேன்” என்று காட்ட ஒரு கட்டு வேண்டாமா? கர்னல் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கட்டைப் பருமனாக்கிக்கொண்டே போகிறார்.

தளவாய் என்ன செய்தார்? அவர் நிஜமாகவே கர்னலுக்குத்தான் எழுதினார். அவகாசம் கொடுங்கள், கஜானாவில் இவ்வளவுதான் இருக்கிறது, இந்தத் தொகை நாட்டுக்குத் தாங்காது என்று. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனிதர். இரண்டு பேரும் எழுதியது ஒரே வகைக் கடிதம் இல்லை. பாட்டாவின் நோட்டில் வலப்பக்கம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். நகல் வைப்பவன் பக்கம்தான் நிரம்பும்.

#8 இரணியல் வாசகன்
சனி, மாலை 6.20

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு மறுபடி நோட்டைப் புரட்டினேன். நீங்கள் சொன்னது பொருந்துகிறது. 1806, 1807 பக்கங்களில் ‘கர்னல்’ பத்தியில் பாட்டா ஒரே சொல்லை மேலும் மேலும் எழுதியிருக்கிறார்: ‘பாக்கி’. ஒரு பக்கத்தில் எண்ணினேன், பதினொரு தடவை. நடுநடுவே வேறு இரண்டு விஷயங்கள் வருகின்றன. திருவிதாங்கூரின் சொந்தப் படைப் பிரிவான கர்நாடிக் பிரிகேடைக் கலைத்துவிட்டு அந்தச் செலவை மிச்சம் பிடித்துப் பாக்கியைக் கட்டுங்கள் என்கிறது கம்பெனி. இன்னொன்று, சர்க்காருக்குப் பணம் பாக்கி வைத்த தச்சில் மாத்து தரகனின் சொத்தைத் தளவாய் கையகப்படுத்தப் போக, ரெசிடெண்ட் தரகனுக்காகக் குறுக்கே விழுகிறார். இந்த இடத்தில் பாட்டா வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்: “பாக்கிக்காரனைப் பிடித்தால் பாக்கி கேட்பவனே தடுக்கிறான்.”

இது தளவாயின் வாசகம் இல்லை, பாட்டாவுடையது. வெற்றிடத்தைப் பொறுக்காமல் தாமே எழுதிவிட்டார் போல.

பிரிகேட் விவகாரம் எனக்கு அடிவயிற்றில் பிசைகிறது. உன் படையைக் கலைத்து என் படைக்குச் சம்பளம் கொடு என்பது என்ன கணக்கு?

#9 மயிலாடிக் கல்
சனி, இரவு 8.44

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் நான் கொஞ்சம் மறுபக்கம் உட்காருகிறேன். கோபப்பட வேண்டாம்.

எங்கள் ஊருக்கும் இந்தக் கர்னல் மேல் ஒரு கடன் உண்டு. 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார். மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் அவரை வரவேற்றார். தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேர்விட்ட இடம் அது. கோயில் (சர்ச்) கட்ட அரசின் அனுமதி வேண்டும். தளவாயிடம் அதைப் பெறுவதற்கு மெக்காலேயின் பரிந்துரையும் கடிதமும்தான் துணை. கோயில் எழுந்தது 1809இல், தளவாய் இறந்த அதே ஆண்டில். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கர்னலைக் ‘கொள்ளைக்காரன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

குண்டறை விளம்பரத்தையும், அதாவது கம்பெனிக்கு எதிராக எழும்படி தளவாய் மக்களுக்கு விடுத்த அறிக்கையையும், எடுத்துக்கொள்ளுங்கள். 1809 ஜனவரி 11, கொல்லம் ஆண்டு 984 மகரம் 1. கம்பெனியின் வஞ்சகத்தை அது சொல்கிறது, சரி. கூடவே, கோயில்களில் சிலுவை வரும், சாதி ஆசாரம் கெடும் என்றும் பயமுறுத்துகிறது. அந்த ஆசாரத்தின் கீழே எங்கள் முன்னோர் எப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீதியில் நடக்க முடியாது, மேலாடை போட முடியாது, ஊழியத்துக்குக் கூலி கிடையாது. அந்த விளம்பரம் ‘நாட்டு மக்களே’ என்று கூப்பிட்டபோது எங்களையும் சேர்த்துத்தான் கூப்பிட்டதா?

கம்பெனி கருணையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பூக்கார அக்கா சொன்ன நாற்காலி எனக்கும் தெரிகிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் மனு கொடுத்தாவது ஒரு கோயில் கட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் சிலர் இருந்தார்கள். அந்த மனுவுக்கும் உங்கள் நோட்டில் ஒரு பத்தி வேண்டும் அண்ணாச்சி. இரண்டு பத்தி போதாது.

#10 கல்குளம் கோட்டை
சனி, இரவு 9.03

நாட்டுக்காக உயிர் விட்டவரைச் சாதிக் கூண்டில் ஏற்றுவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு மதம் பரப்ப வந்தவர்களின் சாட்சியை வைத்தா

[மட்டுறுத்துநர்: மீதிப் பகுதி நீக்கப்பட்டது. ஆளைத் தாக்காமல் விஷயத்தை எழுதுங்கள். மயிலாடிக் கல் எழுப்பிய கேள்வி இழைக்குள் அடங்கியதுதான்.]

#11 புலியூர்க்குறிச்சி
சனி, இரவு 9.30

மயிலாடி நண்பர் சொன்னதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை என்று மட்டும் பதிவு செய்கிறேன். தளவாய் கடுமையானவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1804 கலகத்தை அடக்கிய பிறகு அவர் கொடுத்த தண்டனைகள் படிக்கவே கூசும். அதற்கு முன் 1799 கிளர்ச்சியில் பழைய அமைச்சரின் கூட்டாளிகளுக்குக் காதை அறுத்தார்கள். சாலை போட்டதும் சந்தை வைத்ததும் இதே கைதான். இரண்டையும் சேர்த்துத்தான் ஆள்.

#12 வடசேரி வக்கீல்
ஞாயிறு, காலை 7.10

1808க்கு வருவோம். எனக்கு இதுதான் சுவையான பகுதி.

தளவாய் மதராஸுக்கு முறையிட்டு, இந்த ரெசிடெண்டைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நடக்கவில்லை. மெக்காலே தன் பங்குக்கு, இந்தத் தளவாயைப் பதவியில் இருந்து நீக்குங்கள் என்று மகாராஜாவை நெருக்கினார். ஒருவரை ஒருவர் வேலையை விட்டு நீக்கச் சொல்லும் இரண்டு மனுக்கள். ஒன்று மலையில் ஏறியது, மற்றது இறங்கியது. மேலே இருந்து கீழே இறங்கும் மனுவுக்குத்தானே வலு!

பிறகுதான் அந்தக் கடைசிச் செய்தி. எனக்கு அஞ்சுகிறது, பதவியை விட்டுவிடுகிறேன், கோழிக்கோட்டுப் பக்கம் போய் ஒதுங்கி இருக்கிறேன், வழி செய்து தாருங்கள் என்று தளவாயிடம் இருந்து கர்னலுக்குப் போகிறது. கர்னல் மகிழ்ந்துபோய்ப் பயண ஏற்பாட்டுக்கு உத்தரவிடுகிறார். ஆலப்புழையில் இருந்து புறப்படக் குறித்த நாள் டிசம்பர் 28. அன்று நள்ளிரவுக்குப் பின் போல்காட்டி மாளிகையைத் தளவாயின் ஆட்களும் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனின் ஆட்களும் சூழ்ந்துகொண்டார்கள். கர்னல் வீட்டுக்குள்ளேயே மறைவிடத்தில் ஒளிந்து, விடிந்ததும் படகில் ஏறித் துறைமுகத்துக்கு வந்திருந்த கப்பலுக்குத் தப்பினார்.

அதற்குள் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கும் தளவாய் உதவி கேட்டுத் தூது விட்டிருந்தார். ஒப்பந்தத்தின் மூன்றாவது முடிச்சு அறுந்தது. சட்டப்படி அவர்தான் மீறினார், சந்தேகமே இல்லை. மீறாமல் இருக்க முடியாதபடி எழுதப்பட்ட ஒப்பந்தம் என்பதும் உண்மை.

#13 தோவாளைப் பூக்காரி
ஞாயிறு, காலை 7.25

அப்படியானால் தம்பி கடைசியில் கர்னலைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டார். மேலே ஒரு பெயர், படிக்க வேண்டிய விஷயம் வேறு.

#14 ஆரல்காற்று
ஞாயிறு, காலை 9.00

அக்கா, உங்களை இராணுவ அலுவலகத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

பொய்க் கடிதம் அனுப்பி ஆளை அயர வைப்பது சரியா என்று என் மருமகன் கேட்டான். உறங்கும் வீட்டைச் சுற்றி வளைப்பது எனக்கு உவப்பில்லை. ஆலப்புழைப் பக்கம் கரை இறங்கிய வெள்ளைச் சிப்பாய்களைக் கடலில் மூழ்கடித்ததையும் எந்தப் படைவீரனும் பெருமையாகச் சொல்ல மாட்டான். போருக்குள் ஏமாற்று உண்டு. பிடிபட்டவனைக் கொல்வது வேறு.

இனி எங்கள் ஊர்க் கதை. கடிதம் எல்லாம் முடிந்த பிறகு கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் பாளையங்கோட்டை வழியாக ஒரு படை வந்தது. கணவாயைக் குறுக்கே மறித்து மலைக்கும் மலைக்கும் இடையே நீண்டு கிடந்த கோட்டைச் சுவர், திருவிதாங்கூரின் டச்சுத் தளபதி டிலனாய் காலத்து வேலை. முன்னால் இருந்து அதை உடைப்பது கஷ்டம். 1809 பிப்ரவரி 10 விடியுமுன் மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இருட்டில் தெற்கு மலையில் ஏறி, சுவர் மலையோடு சேரும் இடத்தில் உள்ளே குதித்துவிட்டது. சில நாட்களில் நாகர்கோவில் போயிற்று. உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய எதிர்ப்பில்லாமல் விழுந்தன. பீரங்கி வார்த்த உதயகிரியே அப்படிப் போனது.

இந்த வெல்ஷ் யார் தெரியுமா? சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டதாகத் தானே எழுதி வைத்தவர். 1801இல் அதே மருதுவைப் பிடிக்கும் போரில் இருந்தவரும் அவர்தான். எட்டு வருடம் கழித்து எங்கள் மலையில் ஏறினார்.

என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்த மலைச் சரிவு தெரியும். இப்போது காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடி மாதக் காற்றில் மாடியில் காயப்போட்ட வேட்டி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததே இல்லை. பிப்ரவரியில் காற்று அடங்கி இருக்கும். இரவில் ஒரு கல் உருண்டால் கீழே கேட்கும். அன்று ஏன் கேட்கவில்லை என்று சிறுவயதில் இருந்து யோசிக்கிறேன்.

#15 வஞ்சியூர்த் தமிழன்
ஞாயிறு, பிற்பகல் 12.40

திருவனந்தபுரத்தில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் குலசேகரம். வலப்பக்கப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை.

தளவாய் பக்கத்துத் தாள்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அரசாணைகளுக்கு ‘நீட்டு’ என்று பெயர். தமிழும் மலையாளமும் பிசைந்த நடை, பழைய எழுத்து. படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கர்னலின் எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்து அச்சிட்டார்கள். பாட்டாவின் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்ததற்கு இதுவும் காரணம்.

ஓர் ஆவண அலுவலகத்தில் (எங்கே என்று சொல்லவில்லை) இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் “அந்தக் கட்டு பூச்சிமருந்துக்குப் போயிருக்கிறது” என்ற பதிலோடு திரும்பினேன். பூச்சிக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லை.

இன்னொன்று. மண்ணடியில் தளவாய் உயிரை விட்ட பிறகும் விடாமல், உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு வந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். மிண்டோ பிரபுவே அதைக் கண்டித்தார். கிளிமானூர் அரண்மனையில் அவர் விட்டுச் சென்ற வாள் 1957இல் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுக்கப்பட்டு, பல காலம் டெல்லியில் இருந்துவிட்டு, 2010இல் இங்கே நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. சிலை தலைமைச் செயலகத்தின் முன்னால். பிறந்த வீடு மட்டும் 1956இல் கோடு போட்டபோது உங்கள் பக்கம் வந்துவிட்டது. கேரளத்தில் அவரைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. இரணியலில் நிறுத்தி யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

#16 மயிலாடிக் கல்
ஞாயிறு, பிற்பகல் 1.15

கேட்டால் சொல்வார்கள், எங்களுக்கும் தெரியும். நேற்று நான் எழுதியதே தெரிந்ததால்தான். உடலைத் தொங்கவிட்டது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

#17 கல்குளம் கோட்டை
ஞாயிறு, பிற்பகல் 2.00

நேற்றைய என் பதிவின் தொனிக்கு வருந்துகிறேன். மயிலாடி அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விளம்பரம் யாரைக் கூப்பிட்டது என்பதை நானும் யோசித்ததில்லை.

#18 புலியூர்க்குறிச்சி
ஞாயிறு, மாலை 5.35

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து நடந்ததையும் சேர்த்துவிடலாம். மெக்காலேக்குப் பின் 1810இல் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக வந்தார். தளவாய்க்குப் பின் வந்த உம்மிணித் தம்பியோடும் ஒத்துப்போகவில்லை. 1811இல் அவர் நீக்கப்பட்டார். திருவிதாங்கூர் ராணி லட்சுமிபாயின் காலம். புதிய திவான் யார் தெரியுமா? மன்றோவேதான். 1814 வரை ரெசிடெண்டும் அவர், திவானும் அவர்.

அதாவது பாக்கி கேட்டு எழுதுபவரும் கட்டுகிறேன் என்று பதில் எழுதுபவரும் ஒரே ஆள்.

#19 தோவாளைப் பூக்காரி
ஞாயிறு, மாலை 5.41

நாற்காலி கல்லாப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

#20 மயிலாடிக் கல்
ஞாயிறு, மாலை 6.10

சரிதான் அக்கா. அதே மன்றோ காலத்தில்தான் எங்கள் மிஷனுக்கு நிலமும் ஆதரவும் கிடைத்தது என்பதையும் ஓரத்தில் செங்குத்தாக எழுதி வையுங்கள்.

#21 இரணியல் வாசகன்
ஞாயிறு, இரவு 9.50

புலியூர்க்குறிச்சி எழுதியதைப் படித்த உடனே எழுந்து போய் நோட்டின் கடைசித் தாள்களைப் பார்த்தேன். இதுவரை 1809ஓடு முடிகிறது என்று நினைத்துப் பின்பக்கங்களைப் புரட்டவே இல்லை. நடுவில் நாலைந்து வெற்றுத் தாள். அதற்குப் பிறகு ஒரு பக்கத்தின் தலைப்பில் ‘1811’ என்று இருக்கிறது. கீழே ‘மன்றோ’ என்ற ஒரு சொல், தாளின் நட்டநடுவில். அந்தப் பக்கத்தில் மட்டும் பாட்டா கோடு போடவில்லை.

படம் எடுத்து நாளை ஏற்றுகிறேன். வஞ்சியூர் நண்பர் பழைய எழுத்து படிப்பவர் யாரையாவது அறிமுகப்படுத்தினால் வலப்பக்கத்தில் எழுத இன்னும் இடம் இருக்கிறது. மயிலாடி நண்பருக்காக மூன்றாவது பத்திக்குத் தனி நோட்டு வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தளவாய் பிறந்த தலக்குளம் வீட்டைப் பார்க்கப் போகிறேன். வர விரும்புபவர்கள் பத்து மணிக்குத் திங்கள்சந்தை பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள்.

#22 ஆரல்காற்று
ஞாயிறு, இரவு 10.02

நானும் மருமகனும் வருகிறோம். பத்து மணி என்றால் பத்து மணிதானே?

#23 தோவாளைப் பூக்காரி
ஞாயிறு, இரவு 10.08

முகூர்த்த நாள். பதினொன்றுக்கு முன் வர முடியாது. தளவாய் படத்துக்குப் போட மாலை நான் கொண்டு வருகிறேன், வேறு யாரும் வாங்க வேண்டாம்.